பேப்பர் கட்டிங் கிட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 2,340 ரூபாய் போச்சு

காகிதத்தை வெட்டிச் சித்திரம் செய்யும் வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கலாம் என்று ஆசைப்பட்டு 2,340 ரூபாயைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பணம் போனதைவிட, போன விதம்தான் வயிற்றெரிச்சல். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னென்ன வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குக் கேரளாவில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை. இந்த மாதிரி சாமானுக்குப் பாலக்காடோ பொள்ளாச்சியோ போக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு யார் போவது? போட்டோவும் வீடியோவும் போடுகிற ஒரு செயலியில் கைவினைச் சாமான் விற்கும் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. நல்ல தமிழில் பேசுகிறார்கள். மதுராவில் கோயில் கோலத்துக்காகக் காகிதத்தில் அச்சு வெட்டும் சாஞ்சி கலை, சீனாவில் பண்டிகைக்கு ஜன்னலில் ஒட்டும் சிவப்புக் காகிதச் சித்திரம் என்று அழகாக விளக்கி வீடியோ போடுகிறார்கள். கீழே, 'தொடக்கக்காரர்களுக்கான கிட், 2,340 ரூபாய், கூரியர் இலவசம்.'

உடனே ஒன்றும் வாங்கிவிடவில்லை. சந்தேகங்களை வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு பெண் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னார். "அக்கா, வீட்டுல இருக்கற பெரிய கட்டர் வேண்டாங்க. பிளேடு அகலமா இருக்கும், வளைவுல திரும்பாது. பேனா மாதிரி பிடிக்கற கத்தி, அதுல நம்பர் 11 பிளேடு, அதான் உங்களுக்குச் சரி." அடியில் எதை வைத்து வெட்டுவது என்று கேட்டேன். "கண்ணாடி மேல வெட்டினா முனை மழுங்கிடும். மரப்பலகைன்னா அதோட ரேகை கத்தியை இழுத்துட்டுப் போயிடும். கட்டிங் மேட் வேணும், அதுவும் ஏ3 சைஸ்னா காகிதத்தைத் திருப்பித் திருப்பி வெட்ட இடம் இருக்கும்." பிளாஸ்டிக் ஸ்கேல் ஓரமாகக் கத்தியை ஓட்டினால் ஸ்கேலையே சீவிவிடும், ஸ்டீல் ஸ்கேல்தான் வேண்டும் என்றார். காகிதம் 120 ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு) தொடங்கச் சொன்னார். எடுத்தவுடனே 300 ஜிஎஸ்எம் அட்டையை வெட்டப் போனால் விரல் வலித்து மறுநாளே விட்டுவிடுவீர்கள் என்றார்.

கத்தரி என்னிடமே இருக்கிறதே என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயோ அக்கா, துணி வெட்டற கத்தரியைப் பேப்பர்ல வச்சிடாதீங்க, கூர் போயிடும்!" என் கடையில் வேலை பழக வரும் பெண்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். தொழில் தெரிந்த ஆள் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. இவ்வளவு தெரிந்தவர் மட்டமான சாமான் அனுப்புவாரா? "வேலந்தாவளம் தாண்டினா உங்க ஊருதானே அக்கா, பக்கம்தான்" என்று மாநில எல்லையில் இருக்கும் ஊரையும் சொன்னார். சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் தருவதற்குக் கிட்டுக்கு மட்டும் வழியில்லையாம். 2,340 ரூபாயை அப்போதே யுபிஐயில் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. எதையெல்லாம் வாங்காதே என்று அந்தப் பெண் சொன்னாரோ, அதையெல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஸ்கேல் பிளாஸ்டிக், அதுவும் 15 செ.மீ. மேட் ஏ4, அதாவது சொன்னதில் பாதி. நல்ல மேட்டில் வெட்டிய கோடு தானாக மூடிக்கொள்ளும் என்பார்கள். இது அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது, முதல் வெட்டிலேயே கத்தி அடிப்பக்கம் எட்டிப் பார்த்தது. கத்தியின் பிடி உலோகம் என்று படத்தில் காட்டினார்கள், வந்தது பிளாஸ்டிக். எவ்வளவு முறுக்கினாலும் பிளேடு ஆடுகிறது. ஆடுகிற பிளேடு விளையாட்டில்லை, வளைவில் அழுத்தும்போது வழுக்கி விரலுக்குத்தான் வரும்.

உச்சம் எது தெரியுமா? மாற்று பிளேடு என்று வைத்திருந்த பொட்டலம். உள்ளே இருந்தது ஆபரேஷனுக்குப் பயன்படும் 22-ஆம் நம்பர் பிளேடு. அகலமானது, வயிறு வளைந்தது. அதற்கு 4-ஆம் நம்பர் பிடி என்று தனியாக வேண்டும். நம்பர் 11 சின்னது, முனை ஊசி போல் இருக்கும், ஆபரேஷன் பிளேடு வகையில் அது உட்காருவது 3-ஆம் நம்பர் பிடியில். இவர்கள் கொடுத்த பிடியில் 22 உட்காரவே உட்காராது. காகிதமோ, பள்ளிப் பிள்ளைகள் ஒட்டி விளையாடும் மெல்லிய கலர்த்தாள். பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர் இல்லை, எம்ஆர்பி இல்லை, எந்த நாட்டுச் சாமான் என்பதும் இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். அதே பெண்தான், ஆனால் இப்போது வாய்ஸ் இல்லை, எழுத்து. "மேட்டுக்கு அடியில் துணி போட்டு வெட்டிப் பாருங்க மேடம்." அக்கா மேடம் ஆகிவிட்டேன். 22-ஆம் நம்பர் பிளேடு எதற்கு என்று கேட்டால், "ஸ்டாக் மாறியிருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." பிளேடை எப்படி அம்மா அட்ஜஸ்ட் செய்வது? பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் இல்லை." வாங்கும்போது இப்படி ஒரு விதியை யாரும் சொல்லவில்லை. அடுத்த பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது: "கேரளா பார்சலுக்கு ரிட்டர்ன் கிடையாது, வேற ஸ்டேட்." பணம் வாங்கும்போது வேலந்தாவளம் தாண்டினால் பக்கம், பணம் கேட்கும்போது வேற ஸ்டேட்!

கூரியர்காரர்களைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டார்கள். கேட்டேன். கூரியர் ஆபீஸ் பையன் தலையைக்கூடத் தூக்காமல், "சீல் பொட்டாதெ வந்நதல்லே சேச்சீ" (சீல் உடையாமல்தானே வந்தது அக்கா) என்று முடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லி என்ன? செயலியில் புகார் செய்தால், விற்பவருக்கும் உங்களுக்கும் இடையில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இயந்திரம் எழுதிய பதில். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்றார்கள். மறுபடி வாட்ஸ்அப்பைத் திறந்தால் அந்தப் பெண்ணின் போட்டோ காணோம், என் மெசேஜ் போய்ச் சேரவில்லை. பிளாக் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மட்டும் இன்றைக்கும் நடக்கிறது. நேற்றுகூட 'துணிக் கத்தரியால் காகிதம் வெட்டாதீர்கள்' என்று ஒரு வீடியோ. 2,340 ரூபாய்! எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் அதற்கு?

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைனில் விற்பவர்கள் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 இ-காமர்ஸ் விதிகளில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பாலக்காட்டில் போடத்தான் போகிறேன்.

என்ன வாங்குவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்டாக வாங்காதீர்கள், ஒவ்வொன்றாக வாங்குங்கள். மேட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அதை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். மருத்துவச் சாமான் கடையில் 3-ஆம் நம்பர் பிடியும் நம்பர் 11 பிளேடும் மலிவாகவே கிடைக்கும், பிளேடு மாட்டும்போது மட்டும் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பிளேடை ஒரு தகர டப்பாவில் போடுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்க வேண்டாம். விற்பவரின் விலாசமும் ரிட்டர்ன் விதியும் எழுத்தில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். பார்சல் வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

பக்கத்தின் பெயரை இங்கே போட மாட்டேன், புகார் நடந்துகொண்டிருக்கிறது. அந்த 22-ஆம் நம்பர் பிளேடுப் பொட்டலத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டும்.