லைட்டர் காட்டி விற்கும் மெத்தை: டெல்லித் தமிழர்கள் கவனத்துக்கு

கீர்த்தி நகர் ஃபர்னிச்சர் மார்க்கெட்டில் "தீப்பிடிக்காத மெத்தை" என்று சொல்லி யாராவது உங்கள் எதிரில் லைட்டரைப் பற்றவைத்தால், உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, இந்த வித்தையைக் காட்டுவது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. டிசம்பர் வந்தால் ராடு ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொள்வார், சொன்னால் கேட்கமாட்டார். மற்ற மாதங்களில் கொசுவத்தி. ஃபோம் மெத்தையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் தீத்தடுப்பு மெத்தையைத் தேடிப் போனேன்.

விற்பனைப் பையன் மேசை டிராயரிலிருந்து உள்ளங்கை அகல வெள்ளை ஃபெல்ட் துண்டு ஒன்றை எடுத்தான். கீழே லைட்டரைப் பிடித்தான். துண்டு கறுத்தது, எரியவில்லை. "தேக்கியே அங்கிள், ஆக் பகட்தா ஹீ நஹீ" (பாருங்க அங்கிள், தீப்பிடிக்கவே இல்லை) என்றான். ஃபோமைச் சுற்றி இந்த நான்வோவன் (நெய்யாத) துணியைத்தான் உறைக்கு அடியில் போர்த்துகிறார்களாம். லேமினேட் செய்த ஆய்வக அறிக்கை ஒன்றும் காட்டினான். மெத்தையின் ஓரத்தில் தைத்திருந்த லேபிளில் '16 சிஎஃப்ஆர் 1633' என்று அச்சடித்திருந்தது. சாதாரண மெத்தையைவிட ஏழாயிரம் ரூபாய் கூடுதல். வீட்டில் காட்டுங்கள் என்று அந்தத் துண்டையும் கையில் கொடுத்தான். அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மெத்தை வந்ததும் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த துணி மெல்லிசாக, வழவழவென்று இருந்தது. கடையில் கொடுத்த துண்டோ தடிமனாக, சொரசொரப்பாக இருந்தது. மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்திலேயே ஒரு கரூர்க்காரர் இருக்கிறார், பானிபட் மில்களிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு எடுத்து அனுப்புபவர். அந்த அண்ணனிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தவுடனேயே "இது வெறும் பாலியஸ்டர், தம்பி" என்றார்.

மொட்டை மாடிக்குப் போனோம். வாளியில் தண்ணீர், ஒரு தகரத் தட்டு, சமையல் கிடுக்கி. முதலில் கடைக்காரன் கொடுத்த துண்டு. தீ பட்ட இடம் கறுத்து விறைத்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. கருகிய பிறகும் ஒரு தாளாகவே நின்றது. அடுத்து, மெத்தைக்குள் மடித்துத் தைத்திருந்த விளிம்பிலிருந்து வெட்டிய துண்டு. தீ கிட்டே போனதுமே சுருங்கி விலகியது. அதைப் பார்த்தால் யாருக்கும் 'அட, தீப்பிடிக்கவில்லையே' என்றுதான் தோன்றும். அண்ணன் கிடுக்கியை அசைக்காமல் தீயை அங்கேயே பிடித்தார். நடுவில் ஓட்டை விழுந்து பெரிதாகிக்கொண்டே போனது. உருகிய சொட்டுகள் எரிந்தபடியே தட்டில் விழுந்தன. தட்டில் ஒரு சின்ன ஃபோம் துண்டு வைத்திருந்தார். சொட்டு பட்டதும் அது குப்பென்று பிடித்துக்கொண்டது. தண்ணீரை ஊற்றி அணைத்தோம். வீட்டுக்குள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், அந்தப் புகை பொல்லாதது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. பாலியஸ்டர் சுமார் 255, 260 டிகிரியில் உருகிவிடும். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரிக்கே தாங்காது. தீயைக் கண்டு விலகுகிற துணி, ஃபோமைத் தீக்குத் திறந்து காட்டிவிடுகிறது. உண்மையான தடுப்புத் துணி விலகக் கூடாது. கருகினாலும் இடத்தை விட்டு நகராமல் ஃபோமுக்கும் தீக்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்கென்று இழைகள் இருக்கின்றன. சிலிக்கா கலந்த விஸ்கோஸ் எரிந்த பிறகும் உள்ளே சிலிக்கா கூடு மிஞ்சும். மோடாக்ரிலிக் என்ற செயற்கை இழை உண்டு. போரிக் அமிலம் ஏற்றிய பஞ்சும் உண்டு. எல்லாமே சாதாரண பாலியஸ்டரைவிட விலை அதிகம். துண்டு ஒன்று, சரக்கு வேறு என்று மாற்றுவது அதனால்தான்.

ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ உடம்பில் படும் முன்பே புகை ஆளை முடித்துவிடும். 1997இல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் இறந்த 59 பேரும் புகையில் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். டெல்லிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து அந்த லேபிள். 16 சிஎஃப்ஆர் 1633 என்பது அமெரிக்காவில் 2007 ஜூலை முதல் அமலில் உள்ள விதி. அது துணிக்கான சோதனையே இல்லை, முழு மெத்தைக்கானது. இரண்டு புரோபேன் பர்னர்களை மேல்பக்கம் 70 விநாடி, பக்கவாட்டில் 50 விநாடி காட்டி, 30 நிமிடம் கவனிப்பார்கள். வெப்ப வெளியீடு எந்த நேரத்திலும் 200 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. முதல் 10 நிமிடத்தில் மொத்தம் 15 மெகாஜூலைத் தாண்டக் கூடாது. உள்ளங்கைத் துண்டையும் லைட்டரையும் வைத்துக்கொண்டு அந்த எண்ணை லேபிளில் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் நாட்டின் ஐஎஸ் 15768 தரநிலையோ தலைப்பிலேயே, வீட்டு உபயோகம் அல்லாத ஃபர்னிச்சருக்கானது என்று சொல்லிவிடுகிறது. கடைக்காரர்களுக்கு இது வசதியாகிவிட்டது.

லேமினேட் அறிக்கையை அண்ணன் போட்டோவில் பெரிதாக்கிப் படித்தார். யாருக்குக் கொடுத்த அறிக்கை என்ற இடத்தைக் கடையின் ஸ்டிக்கர் மறைத்திருந்தது. மாதிரி: 'வெள்ளை நான்வோவன் துணி', அவ்வளவுதான். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கிடையாது. கடைசி வரியில், முடிவு சோதித்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று ஆய்வகமே எழுதியிருந்தது. உறையைத் துவைக்கலாம் என்றும் பையன் சொல்லியிருந்தான். வெறும் போராக்ஸ், பாஸ்பேட் உப்பில் முக்கி எடுத்த துணியாக இருந்தால், ஒரு அலசலில் உப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்றார் அண்ணன்.

கடைக்குப் போன் செய்தேன். "பில்லில் அப்படி எழுதியிருக்கா?" என்று முதலாளி கேட்டார். பில்லில் '6x3 ஃபோம் மேட்ரஸ், 1' என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் லேபிள் இருக்கிறது, 'ஃபயர் புரூஃப் கேரன்டி' என்று பையன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. அதைச் சொன்னதும் குரல் மாறியது. தென்னை நார் மெத்தை ஒன்றைத் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். விடவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், இழை என்ன, ஜிஎஸ்எம் எவ்வளவு, எந்தச் சோதனை என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அறிக்கையின் எண்ணை வைத்து ஆய்வகத்துக்கே போன் செய்து கேளுங்கள். நமக்குப் பக்கத்திலேயே காசியாபாத்தில் நிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாதுகாப்புத் துணிகள்தான் அவர்களுடைய தனித் துறை. ஜிப்பைக் கழற்றவே கூடாது என்று லேபிளில் இருந்தால், உள்ளே கண்ணாடி இழையா என்று கேளுங்கள். அது தீயை நன்றாகத் தாங்கும், ஆனால் வெளியே வந்தால் வீடு முழுக்கப் பரவி அரிப்பெடுக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வெட்டிய துண்டு, லேபிள், வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஒரே கவரில் இருக்கின்றன. அப்பா இப்போது பழைய பஞ்சு மெத்தையில் படுக்கிறார். ஹீட்டரைச் சுவரோரமாக நகர்த்தி ஒயரைச் சுருக்கிக் கட்டிவிட்டோம்.