ஆவின் டிலைட் ஊதா பாக்கெட்: ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஆவின் டிலைட்டில் கொழுப்பு 3.5 சதவீதம், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் 8.5 சதவீதம், கூடவே வைட்டமின் ஏ, டி. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அன்றாடப் பாலாகத் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக எந்த பாக்கெட் பாலும் வேண்டாம்.

வைட்டமின் சேர்த்திருக்கிறார்களே என்று நம்பி, மருத்துவர் கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்க வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி. குழந்தை 400 மில்லி குடித்தால் கிடைப்பது 2 முதல் 3 மைக்ரோகிராம்தான். ஒரு நாளைத் தேவையோ 15.

இந்த இரண்டு வைட்டமினும் கொழுப்பில் கரைபவை. காய்ச்சிய பாலின் ஆடையை நெய்க்கென்று எடுத்து வைக்கும் வீட்டில், அவற்றில் ஒரு பங்கும் நெய்ச்சட்டிக்குத்தான் போகிறது. குழந்தையின் பாலில் ஆடையை அடித்துக் கலந்துவிடுங்கள். ஏற்கனவே பாஸ்டுரைஸ் செய்த பால், அதனால் ஒரு பொங்கு வந்ததும் அடுப்பை அணைக்கலாம். வெயில் பட்டால் வைட்டமின் ஏ குறையும் என்பதால் பாக்கெட்டை வாசலில் விட்டுவைக்க வேண்டாம். செரிக்காது என்று தண்ணீர் ஊற்றினால் புரதம், கால்சியம் எல்லாமே நீர்த்துப்போகும்.

பெரிய குறை இரும்புச்சத்து. பாலில் அது இல்லை என்றே சொல்லலாம், டிலைட்டிலும் சேர்ப்பதில்லை. போதாக்குறைக்கு, பாலின் கால்சியமும் கேசின் என்ற புரதமும் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கின்றன. லிட்டர் கணக்கில் பால் குடித்துவிட்டுச் சோறு வேண்டாமென்று தள்ளும் குழந்தைகள் ரத்தசோகையோடு வருவது இதனால்தான். 300 முதல் 400 மில்லி போதும், 500-ஐத் தாண்ட வேண்டாம். பருப்பு, முட்டை, ஈரல், கீரை கொடுக்கும் வேளையில் பாலை ஒதுக்கி, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

பாலில் கலக்கும் மால்ட் பொடி தேவையா? இரண்டு வயதுக்குள் கண்டிப்பாக வேண்டாம், அந்த வயதில் சேர்த்த சர்க்கரையே கூடாது. போர்ன்விட்டா 2023-இல் நூறு கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரையை 32.2 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகும் 20 கிராம் பொடியில் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இத்தகைய பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கும்படி இணையக் கடைகளுக்குச் சொன்னது நல்ல காரியம். எடை ஏறாத குழந்தைக்கு விளம்பரம் பார்த்துப் பொடி வாங்குவதைவிட, மருத்துவரிடம் வளர்ச்சி அட்டையைக் காட்டுவதே சரி.

பாலை டம்ளரிலேயே கொடுங்கள். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும்.