சிப்பாய்க் கார்ட்டூனை அச்சடிக்கப் பாளை, தைக்க டவுன்

பாளையங்கோட்டையில் காலேஜ்களை ஒட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் பிரிண்ட் அருமை, பைண்டிங் சுமார். திருநெல்வேலி டவுனில் கணக்குப் பேரேடு தைக்கிற பைண்டர்களிடம் பிரிண்டரே கிடையாது, ஆனால் தையல் அசையாது. முதல் உலகப் போர்க் காலத்து ராணுவக் கார்ட்டூன்களைப் புத்தகமாகப் போட நினைப்பவர்கள் இரண்டு இடத்துக்கும் அலையத்தான் வேண்டும். ஒரே கடையில் முடித்தால் நாள் மிச்சம், புத்தகம் வீண்.

எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, அமெரிக்கரான பெர்சி கிராஸ்பி 1918-இல் கொண்டுவந்த ‘ரூக்கி’ தொகுப்பு. படையில் சேர்ந்த புது ஆளின் ஆர்வமும் அவன் படுகிற பாடும்தான் சரக்கு. வ.உ.சி. மைதானத்தில் விடியுமுன்னே 1,600 மீட்டர் ஓடுகிற பசங்களுக்கு விளக்கமே தேவைப்படாது. இன்னொன்று புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் பிரிட்டிஷ் வார இதழில் வரைந்தவை. மனுஷர் பிறந்தது முர்ரியில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில். இவருடைய ‘ஓல்ட் பில்’, ஆர்வமெல்லாம் வடிந்து மீசை மட்டும் மிஞ்சிய சிப்பாய்.

பதிப்புரிமை விஷயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் வரைந்தவர் இறந்த வருடத்துக்குப் பிறகு 60 வருடம் உரிமை உண்டு. பேர்ன்ஸ்ஃபாதர் 1959-இல் இறந்தார், கிராஸ்பி 1964-இல். இரண்டு பேருக்கும் காலம் முடிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் சிப்பாய்களை வரைந்த பில் மால்டின் இறந்தது 2003-இல், ஆகவே அவர் படங்களைத் தொடாதீர்கள்.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் எடுக்கும்போது பிடிஎஃப் வேண்டாம். கோப்பைச் சிறிதாக்குவதற்காகப் படத்தை நன்றாக அமுக்கியிருப்பார்கள், பேனாக் கோடு ஓரத்தில் பிசிறடிக்கும். அங்கேயே ஒவ்வொரு பக்கமும் தனிப் படமாக ஜேபி2 ஜிப் இருக்கும், கனமானாலும் அதை இறக்குங்கள்.

இனி பாளைக் கடை. கிராஸ்பியுடையது வெறும் பேனாக் கோடு. படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸில் பழுப்பு நிறத்தை வெள்ளைக்குத் தள்ளி, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்தால் லேசர் மெஷின் கோட்டைக் கத்தி மாதிரி இறக்குகிறது. பேர்ன்ஸ்ஃபாதர் அப்படியில்லை. சேறும் புகையுமாகத் தூரிகையில் தீட்டி, சாம்பல் நிறத்தைச் சிறு சிறு புள்ளியாக்கிக் காட்டும் அந்தக் காலத்து ஹாஃப்டோன் முறையில் அச்சானவை. அந்தப் புள்ளிமேல் லேசர் மெஷின் தன் புள்ளியையும் வைக்கும். இரண்டும் உரசி, வானத்தில் கொசுவலை விரித்த மாதிரி கட்டம் தெரியும். மெஷினைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. 600 டிபிஐயில், படத்தை லேசாக மங்கலாக்கும் காஸியன் பிளர் 1 முதல் 2 பிக்சல் கொடுத்துப் புள்ளியைக் கரைத்துவிட்டு, 300-க்கு இறக்கிக் கொண்டுபோனால் வலை மறைந்துவிடும். கோட்டுப் படத்துக்கு 100 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத வெள்ளைத் தாள் போதும். 70 ஜிஎஸ்எம் என்றால் பின்பக்கத்துச் சிப்பாய் முன்பக்கம் எட்டிப் பார்ப்பான். தூரிகைப் படத்துக்குப் பளபளப்பில்லாத பூச்சுத் தாளான 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட்.

கடைப் பையன்கள் கை வேகம். படத்தைத் தாளுக்கேற்ப மாற்றிவிடும் ‘ஃபிட் டு பேப்பர்’ டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அதை எடுத்து ‘ஆக்சுவல் சைஸ்’ வைக்கச் சொல்லி, முதல் தாளை அளந்து பார்த்த பிறகு மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கார்ட்டூன்களில் படத்துக்குக் கீழே ஒற்றை வரி இருக்கும். சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான். பேர்ன்ஸ்ஃபாதரின் 1915-ஆம் வருடத்துப் படத்தைப் பாருங்கள்: குண்டு விழுந்த குழியில் இரண்டு பேர் பதுங்கியிருக்கிறார்கள், சுற்றிலும் வெடிக்கிறது. வரியை எடுத்துவிட்டால் அது சோகப் படம். கடையில் ட்ரிம்மிங் போடும்போது மூன்று பக்கமும் 3 மில்லிமீட்டர் போகும், கை சற்று அசந்தால் 6. ஒரு பிரதியில் அந்த வரியின் கீழ்ப்பாதி மொத்தமும் கட்டிங் தொட்டிக்குப் போயிருக்கிறது. வரிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டு, வெட்டவேண்டிய இடத்தில் கோட்டுக்குறியும் போட்டுக் கொடுங்கள்.

அந்த வரியைத் தமிழிலும் போடுவதென்றால் புத்தகத் தமிழ் எடுபடாது. ‘இதைவிடச் சிறந்த பள்ளம்’ என்று எழுதினால் யாருக்கும் சிரிப்பு வராது. “ஏல, இதவிட நல்ல குழி இருந்தா அங்க போயி இருல” என்றால் பில்லின் மீசையே ஆடும். மூத்தவன் இளையவனிடம் எரிந்து விழுகிறான், அதனால் நெல்லைப் பேச்சில் சமவயதுக்காரரிடம் சொல்லும் ‘வே’ சரிப்படாது, ‘ஏல’தான். கடையில் டைப் அடிக்கவும் விடாதீர்கள். பழைய பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழை ஏற்காது, அவர்கள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் மறுபடி அடிக்கையில் பிழை நுழையும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகவே கொடுத்துவிடுங்கள்.

பைண்டிங்கில் பாளை சறுக்குகிறது. அங்கே பழக்கம் தீசிஸ் பைண்டிங்: ஓரத்தில் துளை போட்டுக் குறுக்காகத் தைத்து, ரெக்சின் ஒட்டி, தங்க எழுத்து. பார்க்க ஜோர், திறந்தால் விரியாது. இடது மார்ஜின் 35 மில்லிமீட்டர் இல்லையென்றால் படத்தின் ஓரம் முதுகுக்குள் போய்விடும். சூட்டுப் பசை போட்ட பெர்ஃபெக்ட் பைண்டிங் இன்னும் மோசம். ஆர்ட் பேப்பரில் பசை சரியாகப் பிடிக்காது, சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால் தாள் தாளாகக் கழன்று வரும்.

ஆகவே அச்சடித்த தாளோடு டவுனுக்கு நடையைக் கட்டுங்கள். ஏ4 தாளை மடித்து நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் 16 பக்கம், ஒரு ஃபாரம். பிரிண்ட் எடுக்கும்போதே 16 பக்கமாகக் கோப்பை உடைத்து, ஒவ்வொன்றையும் மடித்தால் பக்கம் வரிசையாக வருகிற தனி புக்லெட்டாக ஓட்டியிருக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் ஒரே புக்லெட்டாக விட்டுவிட்டு வந்து நின்றால், “அண்ணாச்சி, இத நான் எங்கன தைக்கதுக்கு?” என்று பைண்டர் திருப்பிக் கொடுப்பார், நியாயமும் அவர் பக்கம்தான். ஏ4 அளவுப் புத்தகத்துக்கு ஏ3 தாள், கணக்கு அதேதான்.

தையல் நூல் தையல், பசை மயில்துத்தம் கலந்த மைதா, பூச்சி அண்டாது. முதுகில் காலிகோத் துணி, மேலே கெட்டி அட்டை. விரித்து மேசையில் வைத்தால் தட்டையாகக் கிடக்கிறது. குறை என்றால் நேரம். நாளை என்றால் நாலு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலியைப் பக்கக் கணக்கில் பேசாமல் ஃபாரம் கணக்கில் பேசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடுப்பதாக இருந்தால் புத்தகத்தை அழுத்தி வைக்கிற பிரஸ்ஸில் இரண்டு நாள் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். ஈரப் பசையோடு எடுத்தால் அட்டை வளைந்துவிடும், பிறகு எதை மேலே தூக்கி வைத்தாலும் நிமிராது.