ஆறு அமர்வுகளும் மூன்று ஆண் நாய்களும்: லாப்ரடார் ஆர்வலர்களுக்கான கலந்துரையாடல் பட்டறை குறித்து ஒரு மதிப்பீடு

லாப்ரடார் வளர்ப்பவர்களையும், அந்த இனத்தில் குட்டி எடுப்பவர்களையும், அதை வேலைக்குப் பழக்குபவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கும் ஆறு வாரப் பட்டறை ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். வாரத்துக்கு ஓர் அமர்வு, ஓர் அமர்வுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் பதினான்கு பேர். கால்நடை மருத்துவர் ஒருவரும், பேச்சை நெறிப்படுத்துவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரும் சேர்ந்து நடத்தினார்கள். பணம் கட்டிச் சேர்வதற்கு முன்பு, பேசுவதற்கு எதற்குக் கட்டணம் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. முடிந்தபின் சொல்கிறேன்: ஆறில் நான்கு அமர்வுகள் கொடுத்த பணத்துக்கு மேலேயே பயன் தந்தன, ஒன்று சுமாராக இருந்தது, மற்றொன்று நடக்காமலே இருந்திருக்கலாம்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் முதல் லாப்ரடார் ஐந்து வயதிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்து படியேற முடியாமல் போனவள். காலையில் எழுந்திருக்கும்போது முன்னங்கால்களை ஊன்றிப் பின்பகுதியை இழுத்துக்கொண்டு வருவாள். அவளுக்குப் பிறகு, நாயின் உடல்நலத்தைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசுபவர்மீதும் எனக்குப் பொறுமை இருந்ததில்லை. கண்காட்சிக்காக நாய் வளர்ப்பவர்களுக்கு அழகைத் தவிர ஒன்றும் தெரியாது என்று உறுதியாக நம்பிக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழைந்தேன்.

பட்டறையின் உயிர்நாடி இரண்டாவது அமர்வு. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மூன்று வயதுப் பெட்டை ஒன்றின் விவரங்களும், அதற்கு இணையாகச் சேர்க்கத்தக்க மூன்று ஆண் நாய்களின் விவரங்களும் அதில் இருந்தன. வம்சாவளியில் வரும் பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். எந்த நாய் யாருடைய நாய், எந்தப் புகழ்பெற்ற வரிசையில் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எஞ்சியது எண்களும் சில குறிப்புகளுமே. பிரிட்டனில் நடைமுறையில் உள்ள கணக்குப்படி இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண் தருவார்கள். எண் குறையக் குறைய மூட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். பெட்டையின் மதிப்பெண் 11. முதல் ஆண் நாய் கண்காட்சிகளில் பலமுறை வென்றவன், மதிப்பெண் 9, ஆனால் கடும் ஓட்டத்துக்குப் பின் கால்கள் தளர்ந்து விழச் செய்யும் நோயின் மரபணுவில் ஒரு பிரதியைச் சுமப்பவன். இரண்டாமவன் வேட்டைக் களத்தில் வேலை செய்பவன், மதிப்பெண் 18, சோதித்த நோய்கள் எதற்கும் மரபணு இல்லாதவன். மூன்றாமவன் எட்டு வயது வீட்டு நாய், பரிசும் இல்லை, வேலைச் சான்றிதழும் இல்லை, மதிப்பெண் 12, மரபணுச் சோதனையும் செய்யப்படவில்லை. இந்த மூவரில் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முதலாமவனைத் தாளில் கோடிட்டு நீக்கிவிட்டேன். நோயின் மரபணுவைச் சுமப்பவனை எப்படி இணை சேர்ப்பது என்பது என் வாதம். மருத்துவர் என்னை மறுக்கவில்லை. பெட்டையின் சோதனை முடிவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவளிடம் அந்த மரபணு இல்லை. அந்த நோய் வருவதற்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வேண்டும். ஆகவே அந்த ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதி மரபணுவைச் சுமக்கலாமே தவிர, ஒன்றுகூட நோயாளியாகாது. மரபணுவைச் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒரே மூச்சில் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கினால், எஞ்சிய சில நாய்களுக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டிருக்க நேரும். அதனால் இன்னும் பெயரே தெரியாத வேறொரு நோய் பரவக்கூடும். இதை நான் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெயரில்லாத நாயை என் கையாலேயே கோடிட்டு நீக்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. முப்பது ஆண்டுகளாகக் கண்காட்சி நாய்களை வளர்த்துவரும் ஓர் அம்மையார், தம் துறையின் வெற்றியாளனான அதே முதல் நாயை வேண்டாம் என்றார். காரணம் மரபணு அல்ல. தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த, நான் கண்ணெடுத்தும் பார்க்காத ஓர் எண்தான் காரணம்: அந்த இணையில் பிறக்கும் குட்டிகளின் உள்ளினச்சேர்க்கைக் குணகம், அதாவது தாயும் தந்தையும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைக் காட்டும் எண், 12 விழுக்காடு. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் இணைந்தால் 6.25, தாயோ தந்தையோ ஒன்றாக இருக்கும் அரை உடன்பிறப்புகள் இணைந்தால் 12.5, தந்தையும் மகளும் இணைந்தால் 25 என்று அவர் விரல் விட்டுச் சொன்னார். "நீங்கள் பயப்படும் நோய்க்குச் சோதனை இருக்கிறது, நான் பயப்படுவதற்குச் சோதனை இல்லை" என்றார். உடல்நலத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர், நான் அழகுப் பைத்தியம் என்று நினைத்திருந்த பெண்மணி.

வேட்டைக் களத்துக்கு நாய் பழக்கும் பெரியவர் ஒருவர் இரண்டாமவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 18 என்ற எண் தமக்கு உறுத்துகிறது என்று தாமே ஒப்புக்கொண்டார். ஒரு நாள் முழுதும் தண்ணீரிலும் மேட்டிலும் ஓடவேண்டிய நாய்க்கு மூட்டு முக்கியம் என்பதை அவரைவிட யார் அறிவார்? ஆனாலும் வேலையில் காட்டும் ஆர்வத்தை எண்ணாக்க முடியாததால் அது தாளில் இல்லை என்பது அவருடைய குறை. அப்போதுதான் கடைசி நாற்காலியில் அதுவரை பேசாமல் இருந்த ஓர் இளந்தாய், "வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இந்த மூன்று நாய்களும் என்ன செய்யும்? தனியாக விட்டால் குரைக்குமா?" என்று கேட்டார். தாளில் அதற்கு இடமே இல்லை. பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு குடும்பத்தின் வீட்டு நாயாகத்தான் வாழப்போகின்றன. அந்தக் குடும்பம் கேட்கும் முதல் கேள்விக்கு எங்களில் ஒருவரும் கட்டம் போடவில்லை. நடத்துநர்கள் சமாளிக்கப் பார்க்கவில்லை. தவறுதான் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் தத்தம் தாளில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து "குணம்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். இறுதியில் பதினான்கு பேரில் எட்டுப் பேர் மூன்றாமவன் பக்கம் சாய்ந்தோம். எட்டு வயதுவரை நோயின்றி வாழ்ந்ததே ஒரு சோதனை முடிவுதான் என்றார் மருத்துவர். முதலில் அவனுக்கு மரபணுச் சோதனைகளைச் செய்தாக வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டோம். மற்ற ஆறு பேர் அவனைத் தேர்ந்தெடுக்க உடன்படவில்லை. அவர்கள் ஏன் உடன்படவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் அவர்கள் ஏற்கும்படி எடுத்துச் சொல்ல முடியும். இந்தப் பட்டறையின் பெருமையாக நான் கருதுவது அதைத்தான்.

மூன்றாவது அமர்வுக்குப் பங்கேற்பாளர் ஒருவரின் பெட்டையைக் கொண்டுவந்து பாயில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதன் விலாவைத் தடவிப் பார்க்க வேண்டும். என் விரலுக்கு எலும்பு தட்டுப்படவே அழுத்த வேண்டியிருந்தது. கண்காட்சிப் பக்கத்தார் அதைக் கட்டுமஸ்தான உடல் என்றார்கள், களத்துப் பெரியவர் கொழுப்பு என்றார். மருத்துவர் 2002இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துரைத்தார். 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு தந்து வாழ்நாள் முழுதும் கவனித்திருக்கிறார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாயின் சொந்தக்காரர் முகம் சிறுத்துவிடாதபடி, இளைக்கவேண்டும் என்பதை அவர் வாயாலேயே வரவழைத்த விதம் நேர்த்தி. நாயோ இதைப் பற்றிக் கவலைப்படாமல் பதினான்கு கைகளின் தடவலையும் வாலாட்டி ஏற்றுக்கொண்டது.

நான்காவது அமர்வில் டால்மேஷன் இனத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டார்கள். தூய வம்சாவளி டால்மேஷன்கள் எல்லாவற்றிலும் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு பழுதுபட்டிருந்தது; சிறுநீரில் கல் சேர்ந்து, ஆண் நாய்களில் பாதையை அடைத்துவிடும். இனத்துக்குள் நல்ல பிரதியே கிடைக்காது என்பதால், ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் 1973இல் ஒரு டால்மேஷனைப் பாயின்டர் நாயுடன் சேர்த்து, அதன் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாக மீண்டும் டால்மேஷன்களுடனேயே இணைத்து வந்தார். 1981இல், நாய் வம்சாவளிகளைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வரிசையில் இரண்டு நாய்களைப் பதிவுசெய்துவிட்டு, டால்மேஷன் சங்கத்தாரின் எதிர்ப்பால் நிறுத்திக்கொண்டது. பிறகு 2011இல்தான் அந்த வரிசை நாய்களுக்குப் பதிவேட்டின் கதவு திறந்தது. நடத்துநர்கள் எங்களை 1981ஆம் ஆண்டின் டால்மேஷன் சங்க உறுப்பினர்களாகப் பாவித்து, அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து வாதாடச் சொன்னார்கள். எதிர்த்துப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. தொடக்கத் தலைமுறைகளில் புள்ளிகள் இனத்தரம் சொல்வதுபோலத் தெளிவாக விழவில்லை, பாயின்டரிடமிருந்து வேறென்ன நோய் வரும் என்று தெரியாது, ஒருமுறை திறந்த பதிவேட்டை எந்த இடத்தில் மூடுவது என்றெல்லாம் பேசப் பேச, முப்பதாண்டு தாமதத்துக்குக் காரணமானவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைத்திருந்தது குறைந்தது. அவர்கள் முடிவு தவறு என்ற என் கருத்து மாறவில்லை. கல் அடைத்துத் துடித்த நாய்களுக்கு அந்த முப்பதாண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

ஐந்தாவது அமர்வு பார்டர் கோலியைப் பற்றியது. வெளியிலிருந்து அழைத்த ஒரு மந்தைக்காரர் பேசினார். 1995இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த இனத்தைக் கண்காட்சிக்கு ஏற்றபோது மேய்ச்சல் நாய் வைத்திருந்தவர்கள் ஏன் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதை விளக்கினார். காது நிமிர்ந்திருந்தால் என்ன, மடிந்திருந்தால் என்ன, ஆட்டைக் கண்டதும் பதுங்கிக் கண்ணாலேயே கட்டிப்போடுகிறதா என்பதே அவர்களுக்கு இனத்தின் அடையாளம். நல்ல பேச்சு, ஆனால் பேச்சாகவே முடிந்தது. கலந்துரையாடலுக்குப் பத்து நிமிடம்தான் மிச்சமிருந்தது.

நடக்காமலே இருந்திருக்கலாம் என்று நான் சொன்னது கடைசி அமர்வை. முகம் தட்டையாக இருப்பதால் மூச்சுத் திணறல் வரக்கூடிய குறுமுக நாயினங்களை எடுத்துக்கொண்டு, பக், புல்டாக், கவலியர் மூன்றையும் நாற்பதே நிமிடத்தில் பேசி முடிக்கப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் மூக்கின் நீளம் மண்டையின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்ற அளவுகோல், நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023இல் கவலியர் இனப்பெருக்கத்துக்கு எதிராகத் தந்த தீர்ப்பு என்று செய்திகள் கொட்டப்பட்டன. தாளும் இல்லை, நாயும் இல்லை. லாப்ரடாருடன் ஒரு பக் நாயையும் வளர்க்கும் பங்கேற்பாளர் ஒருவர், தம் வீட்டு நாயின் பிறப்பையே எல்லோரும் குற்றமாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அன்று மிகக் கடுமையாகப் பேசியவர்களில் நானும் ஒருவன். பின்னர் அவரிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தேன். குறுமுக நாய்களுக்கென்று எளிய மூச்சுச் சோதனை ஒன்று உண்டு: மூன்று நிமிடம் வேகநடை நடக்கவைத்து, அந்த நடைக்கு முன்பும் பின்பும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் தருவார்கள். ஒரே ஒரு பக் நாயை வரவழைத்து அதை எங்கள் காதால் கேட்கவைத்திருந்தால், இனத்தையே கூண்டில் ஏற்றாமல் அந்த நாயின் மூச்சைப் பற்றியும், அதனிடம் குட்டி எடுக்கலாமா என்பதைப் பற்றியும் பேசியிருப்போம். இரண்டாம், மூன்றாம் அமர்வுகளில் அவர்களே கற்றுத்தந்த முறை அது. அதை அவர்களே மறந்தது எனக்கு வருத்தம் தந்தது. நெறிப்படுத்துபவரிடம் இதை எழுத்து மூலம் தெரிவித்தேன். அடுத்த குழுவுக்கு அந்த அமர்வை இரண்டாகப் பிரிக்கப்போவதாகப் பதில் வந்தது.

கையேடு பற்றியும் ஒரு சொல். உள்ளினச்சேர்க்கைக் குணகத்தை எத்தனை தலைமுறை வம்சாவளியிலிருந்து கணக்கிட்டார்கள் என்பது அதில் இல்லை. ஐந்து தலைமுறைக்குக் கணக்கிட்டால் வரும் எண்ணும் பத்துத் தலைமுறைக்கு வரும் எண்ணும் ஒன்றல்ல. கண்காட்சி அம்மையார் கேட்ட பிறகே வாய்மொழியாகச் சொன்னார்கள். அடுத்த பதிப்பில் அச்சில் வர வேண்டும்.

முதல் முறையாக நாய் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்களின் கனம் அவர்களை மிரட்டிவிடும். ஓர் ஈற்றாவது குட்டி எடுத்தவர்களும், எடுக்க எண்ணியிருப்பவர்களும், என்னைப் போல ஒரு நாயை நோய்க்குக் கொடுத்துவிட்டு எல்லோர்மீதும் கோபமாக இருப்பவர்களும் தயங்காமல் சேரலாம். சேர்பவர்கள் தங்கள் நாயின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையையும் வம்சாவளித் தாளையும் கையோடு கொண்டுபோகட்டும். அமர்வு முடிந்தபின் மருத்துவர் அரை மணி நேரம் அறையிலேயே இருக்கிறார். கேட்டால் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறார். என்னுடைய இரண்டாவது பெட்டையின் தாளை அவரும் அந்தக் கண்காட்சி அம்மையாரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். இந்த ஆண்டு அவளை இணை சேர்க்க வேண்டாம் என்ற முடிவுக்கு மூவருமாக வந்தோம்.