மாதவிலக்கு நிற்கும் காலத்துப் படபடப்பு: ஹோர்மோனா, மனநல மாத்திரையா, கஷாயமா?

போன மார்கழியில் தலவாக்கலையில் கை விறைக்கிற குளிர். விடியற்காலை மூன்று மணிக்கு நான் கம்பளியை உதறிவிட்டு, வியர்த்து நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். யாரோ துரத்தி வந்த மாதிரி நெஞ்சு அடித்தது. எனக்கு 48 வயது. ஒரு வருடமாகவே மாதவிலக்கு முறை தப்பித்தான் வந்துகொண்டிருந்தது.

கொழுந்து பறிக்கும் என் அக்காவுக்கும் இதே கதைதான். நிரையில் நிற்கும்போதே கைகால் உதறும், கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருவர் கண்ணூறு என்றார், இன்னொருவர் பிரஷர் என்றார். ஓரிடத்தில் "வயசானா இப்படித்தான்" என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இதற்கு வைத்தியம் இருக்கிறது, ஒன்றல்ல, பல. எங்கள் இரண்டு பேருக்கும் பொருந்தியதோ வேறு வேறு வைத்தியம்.

மாதவிலக்கு நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே, பெரும்பாலும் நாற்பதுகளின் நடுவில், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் தாறுமாறாக ஏறி இறங்கத் தொடங்குகிறது. மூளையில் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும் செரடோனினை அது பாதிக்கும். புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹோர்மோன் உடலில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தக்கூடியது, அதன் அளவும் நிலையில்லாமல் போகிறது. இதோடு இரவு வியர்வையும் தூக்கக்கேடும் சேர்ந்தால் பயம் வராமல் என்ன செய்யும்? தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால்தான் அது நின்றுவிட்டது என்று கணக்கு.

எந்த மருந்தையும் ஒப்பிடுவதற்கு முன் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைரொய்டும் பார்க்க வேண்டும், நெஞ்சு அடிப்பு இருந்தால் ஈ.சீ.ஜி.யும் எடுக்க வேண்டும். இரத்தச்சோகையும் தைரொய்டு கூடுதலும் அச்சுஅசல் இதே படபடப்பைத் தரும். அக்காவின் ஹீமோகுளோபின் 9தான் இருந்தது. சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது நம் பழக்கம். தேயிலை உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். வெற்றிலையோடு போடும் பாக்கும் நெஞ்சைப் படபடக்க வைக்கும், வியர்க்க வைக்கும். இரும்பு மாத்திரையில் அக்காவுக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. ஆனால் இரவு வியர்வையும் பயமும் விடவில்லை.

ஹோர்மோன் சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் புற்றுநோய்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பயம் 2002இல் பிறந்தது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வை அந்த வருடம் பாதியில் நிறுத்தினார்கள். 10,000 பெண்களுக்கு வருடத்தில் சுமார் 8 மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருடத்துக்குள், தொந்தரவு உள்ளவர்கள் தொடங்கினால் பெரும்பாலும் நன்மையே கூடுதல் என்றுதான் இன்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

ஆனால் ஹோர்மோன் படபடப்புக்கென்றே செய்த மருந்தல்ல. சூடு கிளம்புவதையும் வியர்வையையும் அடக்கி, தூக்கத்தைத் திருப்பித் தருகிறது, அந்த வழியில்தான் பயமும் தணிகிறது. அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு மாதத்தில் முழு இரவு தூங்கினாள், அப்புறம் மலையில் கை உதறவில்லை.

எனக்கு அது சரிவரவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது காலில் இரத்தம் கட்டியிருந்தது. அந்தப் பேறுகாலத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் இதே பயமும் இருந்தது. முன்பே மனப்பதற்றமோ மனச்சோர்வோ வந்தவர்களுக்கு இந்த வயதில் அது திரும்பி வரும் சாத்தியம் கூடுதல். அதனால் எனக்கு டொக்டர் செர்ட்ரலின் என்ற மனநல மாத்திரையை எழுதினார். முதல் இரண்டு வாரம் குமட்டல், கொஞ்சம் கூடுதல் பதற்றம்கூட. நான்காவது வாரத்தில்தான் நெஞ்சு அடங்கியது. இந்த வகை மாத்திரைகளில் சில சூடு கிளம்புவதையும் ஓரளவு குறைக்கும். "பைத்திய மாத்திரை" என்று லயத்தில் பேசுவார்கள் என்று பயந்து ஒளித்துவைப்பவர்களை நான் அறிவேன். தயவுசெய்து ஒளிக்காதீர்கள், நினைத்தவுடன் நிறுத்தவும் செய்யாதீர்கள், படிப்படியாகத்தான் விட வேண்டும். தூக்கத்துக்கென்று கொடுக்கும் டயசிபாம் போன்றவை வேறு சாமான். மாதக்கணக்கில் போட்டால் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும்.

அப்படியானால் எல்லோரும் மனநல மாத்திரைக்கே போகலாமா? கூடாது என்பது என் கருத்து. மனச்சோர்வு நோய் இல்லாத பெண்ணுக்கு, மாதவிலக்கு நிற்கும் காலத்து மனவாட்டத்துக்கு மட்டும் இந்த மாத்திரைகள் உதவும் என்பதற்குத் தெளிவான ஆதாரமில்லை என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி 2015இல் சொன்னது. பயத்தைத் தூண்டும் எண்ணங்களைப் பேசிப் பழகி மாற்றும் சிகிச்சையை அதே வழிகாட்டி பரிந்துரைக்கிறது. எனக்கு மாத்திரையோடு அதுவும் உதவியது. அக்காவைப் போன்றவர்களுக்கு அதுதான் எட்டாக்கனி. வாராவாரம் போனால் வாராவாரம் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும், தமிழில் மனம்விட்டுப் பேச ஆளும் வேண்டும். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, தாங்க முடியாத இரவில் அழைக்கலாம்.

ஹாத்தாவாரி (தண்ணீர்விட்டான்) இலைக் கஞ்சி, சோயா, அமுக்கரா என்று வீட்டில் சொல்வதையும் பார்த்தேன். கஞ்சி நல்ல காலை உணவு, குடியுங்கள். சோயாவால் சூடு சற்றுக் குறையலாம், பயத்துக்கு அதை நம்ப முடியாது. அமுக்கராவை மட்டும் டொக்டரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள். அது தைரொய்டு அளவைக் கூட்டக்கூடும், அரிதாக ஈரலையும் கெடுத்திருக்கிறது.

டொக்டரிடம் போவதற்கு முன் ஒரு கொப்பியில் இரண்டு மூன்று மாதத்துக்கு எழுதுங்கள்: மாதவிலக்கு வந்த தேதி, வியர்த்த இரவுகள், நெஞ்சு அடித்த நேரம், தூங்கிய மணித்தியாலம், வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்ததா என்பது. அக்காவுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் அவள் கொப்பியை நீட்டியதும் டொக்டர் தேதிகளைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசினார்.