சாதிச் சொல் தகராறில் தமிழ்ப் பேரகராதி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சாதிப் பெயர்களின் பொருளைப் பற்றி வாக்குவாதம் வரும்போதெல்லாம் ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை வைத்துக்கொண்டால் தீர்ந்துவிடுமா, அச்சுத் தொகுதிகளையே வாங்கிவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-ல் ஓர் அநுபந்தம், ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இந்த அகராதி மேல் இருக்கும் எரிச்சல் ஒன்றுதான். ஒரு சொல் இரண்டாயிரம் வருஷத்தில் பெற்ற பொருள்களை எல்லாம் 1, 2, 3 என்று எண் போட்டு ஒரே பத்தியில் அடுக்கிவிடுகிறது. எது செத்த பொருள், எது உயிரோடு இருக்கிறது, எதைச் சொன்னால் இன்று அடி விழும் என்பதற்கு முறையான குறி கிடையாது. வட்டார வழக்குக்குக் குறி இருக்கிறது, பேச்சு வழக்குக்கு இருக்கிறது, பிராமணர் வழக்குக்குத் தனியாகவே இருக்கிறது. சில சொற்களுக்கு ‘வசைச்சொல்’ என்று பொருளிலேயே சொல்லியிருக்கும். ஆனால் சாதிப் பெயரே வசையாகிப்போன இடத்தில் அது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஆங்கில அகராதிகள் இப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் ‘புண்படுத்துவது’, ‘பழைய வழக்கு’ என்று முத்திரை குத்துகின்றன. அந்த ஒரு முத்திரை இங்கே இல்லாததால், வசை பேசியவரும் பேரகராதியைக் காட்டுகிறார், வசை வாங்கியவரும் அதே பக்கத்தைக் காட்டுகிறார்.

‘சேரி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், தெரு என்ற பழம்பொருளும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு என்ற பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘சேரி என்றால் வெறும் ஊர்தானே, இதில் என்ன இழிவு’ என்று ஒரு கட்சி கிளம்பும். அதற்குச் சான்றும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரி என்பது கோயிலைச் சேர்ந்த பெண்கள் குடியிருந்த தெரு. ஆனால் அதே கோயில் கல்வெட்டுகளில், வரியில்லா நிலங்களைக் கழித்துக்கொண்டு வரும் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இரண்டு பொருளும் ஒரே கோயில் சுவரில் இருந்திருக்கின்றன. அப்படியிருக்க, முதல் எண்ணில் இருப்பதுதான் உண்மைப் பொருள், மற்றதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று வாதாட இந்த அகராதியில் இடமே இல்லை. எண்ணின் வரிசையை வைத்து மூத்த பொருள் எது, இன்றைய பொருள் எது என்று முடிவுகட்ட முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

2023 நவம்பரில் ‘சேரி மொழி’ என்று பொதுவெளியில் எழுதிய ஓர் அரசியல்வாதி, எதிர்ப்பு வந்ததும் பிரெஞ்சில் அந்த ஒலிக்கு ‘அன்புக்குரிய’ என்று பொருள் என்றார். தமிழ் வாக்கியத்துக்குப் பிரெஞ்சு அகராதி! அவருக்கு நம் பேரகராதியின் முதல் பொருளே போதுமானதாக இருந்திருக்கும், தேடிப் பார்க்கவில்லை போல.

இனி நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய. இந்த அகராதியின் உயிர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் எந்த நூலில் வருகிறது என்று சுருக்கக் குறியீடு கொடுத்திருப்பார்கள். சண்டைக்குப் போகும்முன் பொருளை விட்டுவிட்டு அந்த அடைப்புக்குறியைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘புறநா.’ (புறநானூறு) என்று எண்ணோடு இருந்தால் பாட்டை எடுத்து முழுசாகப் படிக்கலாம். ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ (பிங்கலம், திவாகரம், சூடாமணி) என்று மட்டும் இருந்தால் அது நிகண்டு, அதாவது செய்யுளில் எழுதிய பழைய சொற்பொருள் நூல். நிகண்டு ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லை ஈடு வைக்குமே தவிர, யார் யாரை எந்த இடத்தில் அப்படி அழைத்தார்கள் என்று காட்டாது. நிகண்டுச் சான்று மட்டும் உள்ள பொருளை வைத்துக்கொண்டு ‘பழந்தமிழர் இப்படித்தான் சொன்னார்கள்’ என்று முழங்கினால், எதிரில் நிகண்டு தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும், கதை முடிந்துவிடும். ‘டபிள்யூ’ (W.) என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் 1862-ல் வந்த வின்சுலோ அகராதியிலிருந்து எடுத்தது. சங்கப் பொருள் என்று அதைக் காட்டக் கூடாது.

அடைப்புக்குறி எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு ஒன்று. புறநானூறு 335, மாங்குடி கிழார் பாட்டு. ‘துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை’ என்ற வரி. இதை ஒருவர் தமிழர்க்கு இந்த நான்கு குடிகளே மூலம் என்பதற்கும், இன்னொருவர் சங்க காலத்திலேயே சாதி இருந்தது என்பதற்கும் இழுப்பார். சண்டை முழுக்கக் ‘குடி’ என்ற சொல்லின் மேல் நடக்கும்: குலமா, குடும்பமா, குடிமக்களா? பேரகராதியில் எல்லாமே கிடைக்கும், ஆகவே சண்டை ஓயாது. பாட்டை எடுங்கள். அந்த வரிக்கு மேலே, வரகு, தினை, கொள்ளு, அவரை என்று சொல்லி ‘இந்நான்கு அல்லது உணாவும் இல்லை’ என்கிறார் புலவர். அதற்கும் மேலே நான்கு பூக்களைச் சொல்லி அதே அச்சில் ஒரு வரி. தமிழ் நிலத்தில் நான்கே குடி என்று எடுத்தால், நான்கே தானியம், நான்கே பூ என்றும் எடுக்க வேண்டும். ஒரு சிற்றூரின் வாழ்வைப் பெருமையாகச் சொல்லும் நடை அது. நான்கு பேரையும் புலவர் தாழ்வாகச் சொல்லவில்லை என்பது மட்டும் பாட்டில் கண்கூடு. ‘குடி’ என்ற சொல்லுக்கு எந்தப் பொருளைப் போட்டாலும் அது மாறாது.

அதற்காகச் சங்க இலக்கியத்தில் இழிவே இல்லை என்று மறுபக்கம் சாயவும் வேண்டாம். புறநானூறு 287-ல் துடி என்ற பறையை அடிக்கிறவரைப் ‘புலைய’ என்றும், பறை அடிக்கும் கோல் பிடித்திருப்பவரை ‘இழிசின’ என்றும் விளிக்கிறார்கள். இழிசினன் என்ற சொல்லுக்குள்ளேயே இழிவு உட்கார்ந்திருக்கிறது. 183-ஆம் பாட்டில் ‘கீழ்ப்பால் ஒருவன் கற்பின் மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே’ என்கிறான் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன். கல்வியைப் புகழ்கிற பாட்டுத்தான், ஆனால் கீழ் மேல் என்ற பிரிவு இருந்ததை அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறது. ஒரு வரியைத் தன் வசதிக்கு வெட்டுகிறவர் இரண்டு பக்கமும் இருக்கிறார்.

குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் இந்த அகராதி சில சமயம் பாடம் எடுக்கும். தொல்காப்பிய மரபியலில் ‘நீர்வாழ் சாதி’ என்று வருகிறது. அங்கே சாதி என்றால் வகை. சாதிக்காயும் சாதிமல்லியும் யாருடைய குலத்தையும் சொல்லவில்லை. ‘சாதித்தான்’ என்பது வேறு வேரிலிருந்து வந்தது. ‘பறைசாற்று’ என்று எழுதியவரைச் சாதி வெறியர் என்று பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. பறை முதலில் கருவி, ‘பறைதல்’ என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றும் பேச்சுக்கு அதுதான் சொல். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று குற்றம் சாட்டும்முன் ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்தால் பாதி வம்பு குறையும்.

ஆனால் புரட்டிப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது, நான் மிகுந்த கோபத்தோடு சொல்வது இதைத்தான். பேரகராதியின் தலைச்சொற்கள் பொதுவாக ஒருமையில் இருக்கும். வேளாளன், அந்தணன், பறையன், பள்ளன் எல்லாம் ‘ன்’ ஈறுதான். அகராதிக்கு இதில் பாரபட்சம் இல்லை. எடுத்தாளுகிறவர்களுக்கு இருக்கிறது. வாக்கியத்தில் போடும்போது அந்தணர், வேளாளர் என்று ‘ர்’ தானாக வந்துவிடும். அடுத்த இரண்டு பெயர்களை மட்டும் அகராதியில் கண்டபடியே ‘ன்’ போட்டு எழுதிவிட்டு, ‘நான் அகராதிச் சொல்லைத்தானே எழுதினேன்’ என்பார்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சண்டைக்குக் காரணமான வாக்கியத்தில் எல்லாச் சாதிப் பெயருக்கும் ‘ர்’ போட்டு, வினைமுற்றையும் ‘ஆர்’ என்று மாற்றிப் படியுங்கள். உறுத்தல் போய்விட்டால் குற்றம் ஈறில். போகாவிட்டால் குற்றம் அந்த வாக்கியம் சொல்லும் கருத்திலேயே. எழுதியவர் இந்த மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ள மறுத்தால் அதற்கு மேல் அகராதியைத் திறக்கத் தேவையே இல்லை.

யார் சொல்கிறார் என்பதும் அகராதியில் ஏறாத பொருள். 1893-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கே ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். தன் மக்களைத் தலைநிமிரச் சொல்லி எடுத்த கொடி அது. 1922-ல் சென்னை மாகாண அரசு அலுவல் வழக்கில் ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஹரிஜன் வந்தது, போனது. தலித் என்ற சொல் மராத்தி வழியாக வந்து நிலைத்தது. 2021-ல் நாடாளுமன்றம் ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். 1939-ல் தொகுப்பு முடிந்துபோன அகராதியிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். அதைக் காட்டி இன்று தீர்ப்புச் சொல்வது அதைவிட நியாயமில்லை.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் அகராதியைவிடத் தெளிவு. தோலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ஒரு வட இந்தியச் சாதிப் பெயரைப் பற்றிய வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், வேர்ப்பொருளைப் பார்க்கக் கூடாது, புழக்கத்தில் சொல் பெற்ற பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்றது. 2011-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் அதே அணுகுமுறைதான். அட்டவணைச் சாதியின் பெயராக இருந்தாலும், இழிவுபடுத்தச் சொன்னால் அது வசைதான். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் இரண்டு உட்பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பது. மற்றது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. ‘அகராதிப் பொருளில் சொன்னேன்’ என்பதற்கு அங்கே தனி விதிவிலக்கு ஏதும் இல்லை.

‘சண்டாளன்’ என்ற சொல்லில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சினிமா நகைச்சுவையிலும் வீட்டுத் திட்டிலும் ‘கொடியவன்’ என்ற பொருளில் ஓடுகிறது, சொல்கிறவருக்குச் சாதி நினைப்பே இருக்காது. ஆனால் தமிழ்நாட்டு அட்டவணைச் சாதிப் பட்டியலில் அது ஒரு சாதியின் பெயர். 2024-ல் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இதை எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே பேரகராதிக்குப் பக்கத்தில் 1950-ஆம் வருஷத்து அட்டவணைச் சாதிகள் ஆணையின் தமிழ்நாட்டுப் பட்டியலையும் ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதோடு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2020 பதிப்பு. சொல் இன்று எப்படிப் புழங்குகிறது என்பதற்கு அது.

இன்னொரு சிறு விஷயம். இதைப் ‘பார்ப்பன அகராதி’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வடமொழி வேர் காட்டுவதில் தாராளம் என்ற குறை பழசு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் முதல் பதிப்பாசிரியர் சாண்ட்லர் ஓர் அமெரிக்க மதபோதகர். 1926 முதல் பொறுப்பில் இருந்தவர் வையாபுரிப் பிள்ளை, பெயரிலேயே விடை இருக்கிறது.

வாங்கலாமா என்றால், வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகவே தேடலாம். மேற்கோள் காட்டும் நேர்மைக்கு இதற்கு இணை தமிழில் வேறு எனக்குத் தெரியாது. ஆனாலும் சாதிச் சொல் வழக்குக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போடுவேன், இன்றைய மனநிலையில் அதுவும் கூட. இல்லை, அச்சில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வெளி ஓரத்தில் பென்சிலால் குறிக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. சாதிப் பெயர் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சான்று எந்த நூற்றாண்டு, யார் யாரை அப்படி அழைத்தார், அந்தச் சமூகத்தார் இன்று தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாவதை மட்டும் அழுத்தாமல் எழுதுங்கள், அழித்து எழுத வேண்டிவரும்.