ஹார்மோனைச் சரிசெய்து எடையைக் குறைக்கிறோம் என்று கூப்பிட்டால் உஷார்

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிற பெண்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் தங்கைக்கு நடந்தது. எடை குறைப்பு சென்டரின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. ஆனால் இதே மாதிரி கடைகள் இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன.

போனதும் கையில் ஒரு உலோகக் கம்பியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் பிரிண்டரிலிருந்து கட்டுக் கட்டாகத் தாள் வருகிறது: ஈஸ்ட்ரோஜன் இவ்வளவு, புரோஜெஸ்ட்ரோன் இவ்வளவு என்று. கூட வந்த அம்மாவையும் “உங்களுக்கு ஃப்ரீ மேடம்” என்று பிடிக்க வைத்தார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. அவர் தாளில் “கர்ப்பப்பை: லேசான வீக்கம்” என்று வந்திருந்தது! பிறகு அதைக் காட்டிக் கேட்டபோது, பழைய பாதிப்பு பதிவாகியிருக்கும் என்று சமாளித்தார்கள். இந்த ஹார்மோன்களின் அளவை டாக்டர்கள் வழக்கமாக ரத்தத்தில்தான் பார்ப்பார்கள், கம்பியைப் பிடித்து அல்ல. அதிலும் புரோஜெஸ்ட்ரோனை அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு பார்த்தால்தான் அர்த்தம்.

பேக்கேஜ் 35,000 ரூபாய். இரண்டு வேளை பவுடர், ஒரு வேளை வேகவைத்த காய், அப்புறம் ஏதோ சொட்டு மருந்து. எடை சரசரவென்று இறங்கியது, உண்மைதான். ஆனால் முன்பு தள்ளித் தள்ளியாவது வந்துகொண்டிருந்த மாதவிலக்கு அடியோடு நின்றுவிட்டது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மதிய வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் “கட்டி கரையுது சிஸ்டர், கழிவு வெளியேறுது” என்றார்கள். எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான்.

ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனையில் சினைப்பையை இயக்குகிற எல்எச், எஃப்எஸ்எச், சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையால் மூன்றுமே குறைவு. தைராய்டும், பால் சுரக்க வைக்கிற ஹார்மோனான ப்ரோலாக்டினும் சரியாக இருந்தன. அவர் விளக்கியது எல்லாருக்கும் தெரியவேண்டும். கொழுப்பு சும்மா தேங்கிக் கிடக்கிற பண்டம் இல்லை, அதுவே ஹார்மோன் சுரக்கிற ஓர் உறுப்பு. அதிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். உடம்பில் சக்தி இருப்பு இருக்கிறதா என்று மூளைக்குச் சொல்வது அதுதான். பட்டினி போட்டால், கொழுப்பு பெரிதாகக் கரைவதற்கு முன்பே லெப்டின் இறங்கிவிடுகிறது, பிள்ளை சுமக்கத் தெம்பில்லை என்று மூளையில் உள்ள ஹைபோதாலமஸ் சினைப்பைக்குப் போகிற உத்தரவைக் குறைத்துவிடுகிறது, பீரியட்ஸ் நிற்கிறது. இதைத்தான் கழிவு வெளியேறுகிறது என்றார்கள்.

பிசிஓடியில் சிக்கல் வேறு இடத்தில். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது, அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கிற புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. அதனால் முகத்தில் முடி, பரு, முட்டை வெளிவராமை. எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. அதாவது 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ, அதுவும் நிதானமாக, சோறு சாப்பிட்டுக்கொண்டே.

பணத்தைக் கேட்டால் திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள், அது உணவுப் பொருளுக்கான உரிமம், நோயைக் குணப்படுத்தும் என்பதற்கான சான்று இல்லை. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது, உடல் பருமனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்களுடைய நோட்டீஸை அதனால்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. உங்களிடமும் இதே கம்பி ரிப்போர்ட் இருந்தால் ரசீதோடு எடுத்துவையுங்கள், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய டயட் அட்டவணையை அழித்துவிடாதீர்கள். சென்டர் எந்த ஊர் என்று உள்பெட்டியில் கேளுங்கள், சொல்கிறேன்.